சுவரில் விழும் ஓட்டைகள்: சொந்தக் காசில் ஒரு துப்பறிவாளர் நுவார் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

இருட்டான அறை. ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம், விளக்கு எரியும் குளியலறையில், ஒரு தனியார் துப்பறிவாளன் சிக்கிக் கிடக்கிறான். அவன் சுவரை நோக்கிச் சுடுகிறான். ஒவ்வொரு குண்டுக்கும் சுவரில் ஒரு ஓட்டை விழுகிறது, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வெளிச்சக் கம்பி இருட்டுக்குள் நீள்கிறது.

கோயன் சகோதரர்கள் 1984-இல் வெளியிட்ட முதல் படமான ‘ப்ளட் சிம்பிள்’ இப்படித்தான் முடிவை நெருங்குகிறது. குண்டு துளைத்த சுவரும் அதன் வழியே வரும் வெளிச்சமும் படம் எடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. பணம் போடுபவர்களுக்குக் காட்ட அவர்கள் முதலில் ஒரு டிரெய்லர் எடுத்தார்கள், அதில் இந்தப் பிம்பம் இருந்தது. கதை கையில் இருந்தது, காசு இல்லை. சுவர், ஓட்டை, பின்னால் ஒரு விளக்கு இவை மட்டும் போதுமாக இருந்தன.

சொந்தக் காசில் முதல் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு நுவார் மாதிரி தோதான வகை வேறு கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நுவார் என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. 1946-இல் நினோ ஃபிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் சில அமெரிக்கக் குற்றப் படங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அந்த வகைப் படங்களில் பலவும் குறைந்த காசில், அவசரமாக எடுக்கப்பட்டவை. செட் போடப் பணம் இல்லாத இடத்தை இருட்டால் மூடினார்கள், தெரு இல்லாத இடத்தைப் பனிமூட்டத்தால் மறைத்தார்கள். அப்படிப் பிறந்த பாணி இது. நமக்கும் அதே நிலைமைதான் என்பதால் அதே வழியில் போகலாம்.

நான் ஒரே ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். 22 நிமிடம், நான்கு இரவுகள். அதில் கற்றதையும், ‘ப்ளட் சிம்பிள்’ போன்ற படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் புரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். அந்தப் படத்தின் முடிவு வரை பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: யாருக்கு என்ன தெரியும்?

கேமரா வாடகை விசாரிப்பதற்கு முன் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். கதையில் எத்தனை முக்கியப் பாத்திரங்களோ, மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து அத்தனை பத்திகள் போடுங்கள். கடைசியில் ஒரு பத்தி பார்வையாளருக்கு. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அந்த ஆளுக்கு இப்போது என்ன தெரியும், எதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு பத்தியிலும் எழுதுங்கள்.

பலர் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நுவார் என்றால் மழை, தொப்பி, சிகரெட் என்று நினைத்து நேராக அதற்குப் போகிறார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தால், இந்த வகையின் முழு இழுப்பும் இந்தச் சார்ட்டில்தான் இருக்கிறது.

‘ப்ளட் சிம்பிள்’ படத்தையே இந்தக் கட்டங்களில் போட்டுப் பாருங்கள். டெக்ஸஸில் மார்ட்டி என்ற பார் முதலாளி. அவன் மனைவி ஆபி, அவனிடம் வேலை பார்க்கும் ரே என்பவனுடன் பழகுகிறாள். மார்ட்டி ஒரு துப்பறிவாளனை வைத்து அதைத் தெரிந்துகொள்கிறான், பிறகு அவனிடமே பத்தாயிரம் டாலர் பேசி இருவரையும் கொல்லச் சொல்கிறான். துப்பறிவாளன் கொல்லவில்லை. தூங்கும் இருவரின் போட்டோவை எடுத்து, பிணம்போல் தெரியும்படி திருத்தி மார்ட்டியிடம் காட்டிக் காசை வாங்கிக்கொண்டு, ஆபியின் துப்பாக்கியால் மார்ட்டியையே சுடுகிறான்.

இதற்கு மேல் யாருக்கும் முழு உண்மை தெரியாது. ரே வந்து பார்க்கிறான். கீழே கிடப்பது ஆபியின் துப்பாக்கி என்பதால் அவள்தான் சுட்டிருக்கிறாள் என்று நினைத்து, அவளைக் காப்பாற்ற உடலை அப்புறப்படுத்தப் போகிறான். நடுவழியில் மார்ட்டிக்கு இன்னும் உயிர் இருப்பது தெரிகிறது. அப்போது ரே என்ன செய்தான் என்பது ஆபிக்குத் தெரியாது. துப்பறிவாளன் தன் சிகரெட் லைட்டரை மார்ட்டியின் மேஜையில், மார்ட்டி பிடித்துவந்த மீன்களுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது அந்த இருவரிடம் சிக்கியிருக்கும் என்று பயந்து அவர்களைத் தேடி வருகிறான். அவர்களோ அவன் ஒருவன் இருப்பதையே அறியாதவர்கள். கடைசிக் காட்சியில் சுவருக்கு அப்பால் இருப்பது தன் கணவன் மார்ட்டி என்று நினைத்துத்தான் ஆபி சுடுகிறாள்.

எல்லாம் தெரிந்தவர் பார்வையாளர் மட்டும்தான். நாற்காலியின் நுனியில் உட்கார வைப்பது அந்த அறிவுதான். “ஐயோ, அவ இல்லப்பா” என்று நாம் திரையைப் பார்த்துச் சொல்ல நினைக்கிறோம், சொல்ல முடியவில்லை.

உங்கள் சார்ட்டில் இரண்டு பத்திகள் ஒரே மாதிரி நிரம்பினால், அந்த இரண்டு பாத்திரங்களில் ஒன்று தேவையில்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆறு பேரோடு தொடங்கிய கதையில் சார்ட் போட்டதும் துப்பறிவாளரின் உதவியாளரும் ஒரு இன்ஸ்பெக்டரும் வெளியே போனார்கள். இரண்டு நடிகர்களின் சம்பளமும் ஒரு இரவும் மிச்சமாயிற்று.

இந்தப் படியை முடிக்க இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் துப்பறிவாளர் எப்படிப் பிழைக்கிறார்?

துப்பறிவாளருக்கு ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு சோகம் கொடுத்துவிட்டால் போதாது. அவர் வேலை என்ன, யார் காசு கொடுக்கிறார்கள், சட்டம் அவரை எதுவரை விடும் என்று தெரிந்தாக வேண்டும். கதையின் திருப்பங்கள் இங்கிருந்துதான் வரும்.

கலிஃபோர்னியாவில் தனியார் துப்பறிவாளர் உரிமம் வாங்க, பொதுவாக மூன்று வருடம், அதாவது 6,000 மணி நேரம், விசாரணை வேலையில் அனுபவம் காட்ட வேண்டும், பிறகு தேர்வு எழுத வேண்டும். அங்கே நடக்கும் கதையில் “உன் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன்” என்று போலீஸ்காரர் மிரட்டினால் அதற்கு அர்த்தம் உண்டு. இந்தியாவில் தனியார் துப்பறிவு நிறுவனங்களை முறைப்படுத்தும் மசோதா 2007-இல் மாநிலங்களவையில் வந்தது, ஆனால் சட்டமாகவில்லை. இங்கே கதை வைத்தால் அந்த மிரட்டல் வசனம் பொருந்தாது. அவரிடம் துப்பாக்கி இருக்காது, கைது செய்யும் அதிகாரம் கிடையாது. திருமணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது, கம்பெனியில் வேலைக்குச் சேரப் போகிறவரின் பின்னணி பார்ப்பது, கணவன் மனைவி சந்தேகங்கள் என்றுதான் அவருக்குப் பெரும்பாலும் சோறு கிடைக்கும்.

இதைக் குறையாக நினைக்காதீர்கள், கதைக்கு இது வரம். 2018-இல் தாணே போலீசார், கைபேசி அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் சிலரைக் கைது செய்தார்கள். யார் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்ற ஒரு தாள் விலைக்குக் கிடைக்கிறது, அதை வாங்குவது குற்றம், வாங்காவிட்டால் கேஸ் முடியாது. ஒரு நல்ல நுவார் படத்துக்கு இந்த ஒரு நெருக்கடியே போதும்.

எழுத்தில் எனக்கு உதவிய பயிற்சி ஒன்று உண்டு. துப்பறிவாளரின் செலவு நோட்டை ஒரு வாரத்துக்கு எழுதிப் பாருங்கள். ஆட்டோ எவ்வளவு, அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குக் கொடுத்தது எவ்வளவு, எதிரே இருக்கும் டீக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததற்கு எத்தனை டீ. நான் எழுதியபோது வியாழக்கிழமை பக்கத்தில் ‘குடை 1’ என்று தானாக வந்து விழுந்தது. மழைக்காலம் இல்லாத மாதத்தில் எதற்குக் குடை? முகத்தை மறைக்க. அதுவே படத்தின் முதல் ஷாட் ஆயிற்று.

அப்புறம், துப்பறிவாளர்தான் நாயகன் என்ற கட்டாயம் இல்லை. ‘ப்ளட் சிம்பிள்’ படத்தில் எம். எம்மெட் வால்ஷ் நடித்த அந்த மஞ்சள் கோட்டுக்காரன் உண்மையைத் தேடுபவன் கிடையாது, விற்பவன். 2005-இல் ரியான் ஜான்சன் எடுத்த ‘ப்ரிக்’ படத்தில் துப்பறிவது ஒரு பள்ளி மாணவன், அவனை யாரும் காசு கொடுத்து அமர்த்தவில்லை. தேடுகிறவர், விற்கிறவர், மாட்டிக்கொண்டவர் என்ற மூன்றில் உங்கள் ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள்.

படி 3: இருக்கும் இடத்துக்கு எழுதுங்கள்

உங்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் இடங்களை முதலில் பட்டியல் போடுங்கள், திரைக்கதை அதற்குப் பிறகு. ரியான் ஜான்சன் ‘ப்ரிக்’ படத்தைத் தான் படித்த சான் கிளெமென்டி பள்ளியிலேயே எடுத்தார். கிறிஸ்டோபர் நோலன் 1998-இல் வந்த ‘ஃபாலோயிங்’ படத்தை லண்டனில், தெரிந்தவர்களின் வீடுகளில், சனிக்கிழமைகளில் மட்டும் சுமார் ஒரு வருடம் எடுத்தார். எல்லோருக்கும் வார நாட்களில் வேலை இருந்தது. ஃபிலிம் விலை கட்டுப்படியாகாததால், ஒன்றிரண்டு டேக்கில் முடியும் அளவுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்தார்கள். இன்று நமக்கு ஃபிலிம் செலவு இல்லை, ஆனால் அந்த ஒத்திகைப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மாமாவின் அச்சகம், நண்பனின் மாடிப் போர்ஷன், சனி ஞாயிறு மூடிக்கிடக்கும் டியூஷன் சென்டர், இந்த மாதிரி நாலு இடம் போதும். ஒவ்வொரு இடத்துக்கும் இரவு ஒன்பது மணிக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பகலில் பார்த்த இடமா இது என்று தோன்றும்.

வசனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க நுவார் படங்களில் துப்பறிவாளர் வார்த்தைக்கு வார்த்தை உவமை போட்டுப் பேசுவார். அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் டப்பிங் படம்போல் ஒலிக்கும். நம் மொழியில் வேறொரு ஆயுதம் இருக்கிறது: நீ, நீங்க. கேஸ் கொண்டுவரும் பெண் முதல் சந்திப்பில் “சார், நீங்கதான் உதவணும்” என்கிறார். மூன்றாவது சந்திப்பில் “அண்ணே” என்கிறார். கடைசியில், எல்லாம் வெளிப்பட்ட பிறகு, “நீ யாருய்யா என்னைக் கேக்க?” என்கிறார். இந்த ஒரு இறக்கம் போதும், துப்பாக்கி எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜோடிப் பாத்திரத்துக்கும் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்தக் காட்சியில் அது மாறுகிறது என்று உங்கள் சார்ட்டிலேயே இன்னொரு நிற மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னணிக் குரல் வைப்பதாக இருந்தால், படத்தில் தெரிவதைக் குரல் திரும்பச் சொல்லக் கூடாது. ‘ப்ளட் சிம்பிள்’ தொடங்கும்போது டெக்ஸஸின் வெறிச்சோடிய சாலைகளும் நிலங்களும் தெரிகின்றன. குரலோ இங்கே உனக்கு நீதான், யாரும் உதவிக்கு வரமாட்டார்கள் என்ற அர்த்தத்தில் பொதுவாகப் பேசுகிறது. கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் குரல் துப்பறிவாளனுடையது என்பது பின்னால் தெரியும்போது முதுகு சில்லிடும்.

படி 4: பணம்

கோயன் சகோதரர்கள் அந்த டிரெய்லரையும் ஒரு புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு, பெரும்பாலும் தங்கள் ஊரான மினியாபோலிஸ் பகுதியில், ஆட்களின் வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகப் போனார்கள். பெரிய கம்பெனி எதுவும் பணம் போடவில்லை. தனி மனிதர்கள் கொடுத்த சிறு சிறு முதலீடுகளில்தான் வேலை தொடங்கியது. படத்தின் மொத்தச் செலவு சுமார் 15 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. ‘ப்ரிக்’ படத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. ‘ஃபாலோயிங்’ சில ஆயிரம் டாலர்.

இன்று டிரெய்லர் வாட்ஸ்அப்பில் போகும். ஆனால் நேரில் போய்க் காட்டுங்கள், அதுவும் இருட்டாக்கப்பட்ட அறையில். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கதைச் சுருக்கம் வேண்டாம். மறக்க முடியாத மூன்று பிம்பங்கள் இருந்தால் போதும். யாரிடம் வாங்கினாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

படி 5: வெளிச்சம்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரே ஒரு நல்ல எல்இடி விளக்கும் கறுப்புத் துணியும் இருந்தால் பெரும்பாலான காட்சிகளை எடுத்துவிடலாம்.

நம் வீடுகளில் முதல் எதிரி வெள்ளைச் சுவர். பத்துக்குப் பத்து அறையில் எந்தப் பக்கம் விளக்கைப் போட்டாலும் வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி, முகத்தின் நிழல் பக்கத்தையும் நிரப்பிவிடும். கறுப்பு சாம்பலாகிவிடும். அதனால் பச்சை, நீலம், அடர்ந்த மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்த பழைய அறைகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கேமராவில் தெரியாத சுவர்களில் கறுப்புத் துணி கட்டுங்கள். முகத்தின் இருண்ட பக்கத்துக்கு ஒன்றரை அடி தள்ளி ஒரு கறுப்புத் துணியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தெர்மகோல் வைத்து வெளிச்சத்தைத் திருப்பப் பழகிய லைட்மேன்கள் “இது எதுக்கு சார்?” என்று கேட்பார்கள். மானிட்டரில் ஒரு தடவை காட்டினால் புரிந்துவிடும்.

அடுத்தது தூரம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு முகத்துக்கு மூன்று அடியிலும், பின்சுவர் விளக்கிலிருந்து ஒன்பது அடியிலும் இருந்தால், முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரில் விழும். சுவர் தானாக இருண்டுவிடும். அதே விளக்கை முகத்திலிருந்து பத்து அடி தள்ளி வைத்தால், முகத்தில் விழுவதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சுவரிலும் விழும், நுவார் காணாமல் போகும். ஆக, இருட்டு வேண்டுமென்றால் விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள், நடிகரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

நிழல் வேண்டும் என்றால் கணக்கு தலைகீழ். ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் கூர்மையாக விழ வேண்டுமா? விளக்கை ஜன்னலுக்கு வெளியே பதினைந்து அடி தள்ளி, முன்னால் துணியோ பேப்பரோ இல்லாமல் நிறுத்துங்கள். ஹாலிவுட்டின் பலகை ஜன்னல் திரையை வாங்கி மாட்டாதீர்கள். நம் வீட்டு ஜன்னல் கம்பி, சிமென்ட் ஜாலி, மாடிப்படியின் கிராதி எல்லாம் இருக்கும்போது அது எதற்கு?

சுவர் ஓட்டை வெளிச்சத்தை வீட்டிலேயே செய்யலாம், நான் செய்திருக்கிறேன். கதவு அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையைக் கறுப்படித்து, அரை அங்குலத்தில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். அதைக் கதவு நிலையில் பொருத்தி, விளிம்புகளை டேப் போட்டு அடையுங்கள். விளக்கை அந்தப் பக்க அறையில் முடிந்தவரை தூரத்தில் வையுங்கள். கிட்டே வைத்தால் கதிர்கள் விசிறிபோல் விரியும், தள்ளி வைத்தால் இணையாக வரும். இப்போது விளக்கைப் போட்டால் எதிர்ச் சுவரில் புள்ளிகள்தான் தெரியும், நடுவில் கதிர் தெரியாது. கதிர் தெரியக் காற்றில் ஏதாவது மிதக்க வேண்டும். மெல்லிய புகை விடும் ஹேஸ் மெஷின் வாடகைக்குக் காசில்லாததால் நாங்கள் சாம்பிராணி போட்டோம். ஜன்னலை மூடி, ஐந்து நிமிடம் புகைய விட்டு, தூபக்காலை வெளியே எடுத்து, புகை சீராகப் பரவ இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்து ஷாட் வைத்தோம். மின்விசிறி கூடாது. கேமரா விளக்கை எதிர்நோக்கி, சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் கதிர் மங்கிவிடும். முதல் ஓட்டையை அட்டையால் மூடி வைத்து, “ஆக்‌ஷன்” சொன்னதும் எடுத்தபோது, அந்த ஒற்றைக் கம்பி வெளிச்சம் நடிகையின் காது மடலில் போய் நின்றது. யாரும் பேசவில்லை. அந்த ஷாட்டை ஒன்பது தடவை எடுத்தோம், தேவை இல்லாவிட்டாலும்.

யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூடிய அறையில் புகை விளையாட்டில்லை.

தெருவிளக்குகள் பற்றி ஒரு வார்த்தை. பழைய சோடியம் விளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரே நிறம்தான் இருக்கும், அதன் கீழே சிவப்புச் சேலையும் பழுப்பாகத்தான் தெரியும். இரவுக் காட்சிகளுக்கு அது தனி மயக்கம் கொடுத்தது. இப்போது பல தெருக்களில் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. எடிட்டுக்குப் பின் நிறம் திருத்தும் டிஐ வேலையில் எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கினால் தோல் நிறமும் கெட்டுவிடும். கேமராவின் வைட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் தெருவிளக்கு நீலமாக விழும், பெட்டிக்கடையின் குண்டு பல்பு மஞ்சளாகவே நிற்கும். இரண்டு நிறமும் ஒரே ஃபிரேமில் கிடைத்துவிடும்.

படி 6: கேமரா

எந்தக் கேமரா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இருட்டில் இரைச்சல் குறைவாக வரும் எதுவும். சோனி எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்களில் லாக் முறையில், அதாவது பின்னால் நிறம் திருத்த வசதியாகப் பதிவு செய்யும் முறையில், 800, 12,800 என்று இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) இருக்கிறது. தெருவில் எடுக்கும்போது அந்த இரண்டாவது அளவு கைகொடுக்கும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள், கோணக் கணக்கில் 172.8 டிகிரி. இணையத்தில் அமெரிக்கர்கள் சொல்லும் 1/60 அங்கேயுள்ள 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே வைத்தால் சுவரில் வரி ஓடும்.

கேமராவைக் குலுங்காமல் ஓடவிடும் கிம்பல் கருவி இல்லையா? ‘ப்ளட் சிம்பிள்’ குழுவினர் ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பூட்டி, இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இயக்குநர் சாம் ரெய்மி தன் ‘ஈவில் டெட்’ பேய்ப் படத்தில் பயன்படுத்திய உத்தி அது. பலகையின் நீளமே குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும். ஒளிப்பதிவாளர் பாரி சோனன்ஃபெல்டுக்கும் முழுநீளக் கதைப் படம் அதுதான் முதல் முறை.

கறுப்பு வெள்ளையில் எடுப்பதென்றால் படப்பிடிப்புக்கு முன்பே முடிவெடுத்து, மானிட்டரையும் கறுப்பு வெள்ளையில் வைத்து எடுங்கள். கலரில் எடுத்துவிட்டுப் பின்னால் யோசிக்காதீர்கள். 1954-இல் வந்த நம் ‘அந்த நாள்’ படத்தைப் பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது, விசாரணை ஒன்றையே பிடித்துக்கொண்டு நகரும். அதில் முகத்தில் நிழல் எங்கே வெட்டுகிறது என்று மட்டும் ஒரு முறை கவனித்துப் பார்த்தால் நிறையப் பிடிபடும்.

படி 7: இரவுகளைத் திட்டமிடுங்கள்

நூறு பக்கத் திரைக்கதையை இருபது நாளில் எடுப்பதென்றால் தினம் ஐந்து பக்கம். இரவு ஏழு முதல் அதிகாலை நாலரை வரை, சாப்பாடு போக எட்டரை மணி நேரம் கையில். இரவு வேலையில் மூன்று மணிக்கு மேல் எல்லோருக்கும் மூளை மந்தமாகிவிடும், அதனால் வசனக் காட்சிகளை முதலில் வைத்து, நடை, கதவு, கை போன்ற ஷாட்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தொடர்ந்து ஐந்து இரவுக்கு மேல் வேண்டாம். யூனிட் ஆட்கள் வீடு போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள், தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்ட விடாதீர்கள்.

அந்தி நீலம் வேண்டுமென்றால், நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகு இருபது இருபத்திரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு ஷாட், ஒத்திகை முன்பே, அவ்வளவுதான்.

பொது இடத்தில் எடுக்க அனுமதி வாங்குங்கள். அடிதடி, கத்தி, பொம்மைத் துப்பாக்கி இருக்கும் காட்சி என்றால் அக்கம்பக்கத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லாமல் தொடங்கவே கூடாது.

படி 8: சத்தம்

என் படத்தில் நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். ஒரு லாட்ஜ் அறையில் நாலரை நிமிடக் காட்சி. இரண்டு பேர் கிசுகிசுத்துப் பேச வேண்டும். மே மாதம், மின்விசிறியை அணைக்க மனம் வரவில்லை, கேமரா மைக் போதும் என்று விட்டுவிட்டேன். எடிட்டில் கேட்டால் கிசுகிசுப்பு முழுவதும் மின்விசிறிக்குள் புதைந்துவிட்டது. டப்பிங் செய்தோம். வார்த்தை அதேதான், ஆனால் பயத்தில் வந்த அந்த மூச்சு டப்பிங் அறையின் ஏசியில் வரவில்லை. அந்தக் காட்சியை இன்றும் என்னால் முழுசாகப் பார்க்க முடிவதில்லை.

ஆகவே லைவ் சவுண்ட் எடுங்கள். சட்டையில் ஒரு லேப்பல் மைக், தலைக்கு மேலே கம்பில் நீட்டிய ஒரு பூம் மைக், தனி ரெக்கார்டர். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம், பதிவு செய்யுங்கள். மின்விசிறிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு, காட்சியில் விசிறியை அணைத்து எடுத்துவிட்டுப் பின்னால் சேருங்கள். ‘ப்ளட் சிம்பிள்’ படத்தில் சுழலும் மின்விசிறியின் சத்தம் திரும்பத் திரும்ப வந்து மனதைப் பிசையும். அந்த அளவுக்கு ஒரு சாதாரணச் சத்தம் வேலை செய்யும். உங்கள் கதைக்கு அது லிஃப்டின் கிரில் கதவாக இருக்கலாம், மாடியில் தண்ணீர் டேங்க் நிரம்பி வழியும் சத்தமாக இருக்கலாம்.

படி 9: எடிட், இசை

சார்ட் பேப்பரை எடிட் அறையின் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே கேள்வி: இந்த ஷாட்டால் யாருக்கு என்ன புதிதாகத் தெரிகிறது? ஒன்றும் இல்லையென்றால் எடுத்துவிடலாம். இந்த வகையில் வெறும் மனநிலைக்காக நீளும் நடைக்காட்சிகள்தான் படத்தை இழுத்துவிடும், நான் ஒன்றரை நிமிடம் வெட்டினேன்.

இசைக்குப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா தேவையில்லை. கார்ட்டர் பர்வெல் ‘ப்ளட் சிம்பிள்’ படத்துக்குப் பியானோவை மையமாக வைத்து இசையமைத்தார், அவருக்கும் அதுதான் முதல் படம். ‘ப்ரிக்’ படத்துக்கு இயக்குநரின் உறவினர் நேதன் ஜான்சன் சமையலறைப் பாத்திரங்களையும் ஆபீஸ் இரும்பு அலமாரியையும் தட்டி ஒலி உண்டாக்கினார்.

படி 10: வெளியே கொண்டுவருதல்

திரையரங்கில் போட சான்றிதழ் வேண்டும். 2024 விதிகளின்படி யுஏ பிரிவே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கொலை, ரத்தம் எவ்வளவு காட்டுகிறீர்கள் என்பதை எடிட்டிலேயே இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

சிகரெட் விஷயத்தை எழுதும்போதே யோசியுங்கள். புகைப்பது காட்டினால் படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுக் காட்சி போட வேண்டும், அந்த ஷாட்களின் அடியில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஓடிடி தளங்களுக்கும் இது உண்டு. இருட்டில் ஒரு முகம் மெல்ல வெளிப்படும் ஷாட்டுக்குக் கீழே வெள்ளை எழுத்து வந்தால் நீங்கள் பட்ட பாடு வீண். என் துப்பறிவாளர் வேர்க்கடலை கொறிப்பார். தரையில் கிடக்கும் தோலை வைத்து அவர் எவ்வளவு நேரம் அங்கே காத்திருந்தார் என்று இன்னொருவர் கண்டுபிடிப்பார்.

திரைப்பட விழாக்களுக்கு அனுப்பும் முன் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள், பல விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்கும். ‘ப்ளட் சிம்பிள்’ 1985-இல் சன்டான்ஸ் விழாவில், அப்போது அந்த விழாவுக்கு வேறு பெயர், நடுவர் குழுவின் முதன்மைப் பரிசை வாங்கியது. ‘ப்ரிக்’ 2005-இல் அங்கேயே சிறப்புப் பரிசு வாங்கியது. விழாவில் திரையிட டிசிபி, அதாவது தியேட்டர் புரொஜெக்டருக்கான டிஜிட்டல் பிரதி, கேட்பார்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம்.

அனுப்பும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, மிக இருட்டான மூன்று காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். கறுப்புக்குள் நடிகரின் கண் தெரிய வேண்டும். பிறகு அதே மூன்று காட்சிகளைப் பகலில், ஓடும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் பாருங்கள். அங்கே கண் தெரியவில்லையென்றால் டிஐ செய்பவரிடம் திரும்பிப் போய், கண் இருக்கும் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். மற்ற இருட்டை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.